திருகினால் தீருமா?

பழைய ஜீப் செரோக்கி 4.0 இழுக்கவில்லை என்றதும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகச் சொல்லும் மேதாவிகள் இன்னும் ஓயவில்லை. அய்யா, அது கார்புரேட்டர் காலத்து எஞ்சின் அல்ல! 1987-லேயே இக்னிஷன் டைமிங் கம்ப்யூட்டர் கைக்குப் போய்விட்டது. கிராங்க் சென்சார் தரும் சிக்னலை வைத்து அது கணக்குப் போடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் பொறியைப் பங்கு பிரிப்பதோடு சரி. திருகினால் டைமிங் மாறாது, ரோட்டார் முனை விலகி மிஸ்ஃபயர்தான் மிச்சம்.

அடுத்த கூத்து, "எல்லா 4.0-வும் ஒன்றுதான்" என்பது. 1990 வரை ரெனிக்ஸ், 1991 முதல் கிரைஸ்லர் சிஸ்டம். கிராங்க் சென்சாரும் வேறு, ஃப்ளைவீல் பள்ளங்களும் வேறு. மாற்றி வாங்கியவர் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தள்ள வேண்டியதுதான். ஒருமுறை மாட்டிய எலக்ட்ரிக்கல் பார்ட்டைப் பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை. யோசனை சொன்னவரா காசு தரப்போகிறார்? 2000 மாடலில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. (அங்கே எதைத் திருகுவார்களாம்?)