கிளைகளில் தொங்கிய சோறு

உப்பு சத்தியாகிரகம் என்றதும் நம் பிள்ளைகள் தண்டி என்கிறார்கள். வேதாரண்யத்தைச் சேர்த்துச் சொல்பவர்களும் ராஜாஜி, சர்தார் வேதரத்தினம் என்ற பெயர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பெடுக்க வேதாரண்யத்துக்கு நடந்த அந்த யாத்திரையைப் பற்றி எப்போது படித்தாலும் என் மனம் தங்கிவிடுவது தஞ்சைச் சாலையோர மரங்களில்தான். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர்க்காரர்கள் உணவைப் பொட்டலமாகக் கட்டி, தொண்டர்கள் வரும் வழியில் மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் சோற்றுப் பாத்திரங்களைப் புதைத்தும் வைத்தார்கள். ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ளியது நாட்டுக்கே செய்தியானது. அதுவரை நூறு பேரின் பசியாற்றிய கைகளில் பலவற்றுக்குப் பெயரே பதிவாகவில்லை. போலீஸ்காரருக்குச் சவரம் செய்ய மறுத்துச் சிறை சென்ற வைரப்பனின் பெயராவது வேதாரண்யத்தில் நிலைத்திருக்கிறது. மற்றவர்கள் அந்தந்த வீட்டுப் பேச்சில் மட்டுமே வாழ்கிறார்கள், அந்தப் பேச்சும் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று அந்த வழியில் உள்ள ஒவ்வொரு பள்ளியும் தன் மாணவர்களை ஊர்ப் பெரியவர்களிடம் அனுப்பி, கேட்டதை எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். தேசத்தின் வரலாற்றில் தன் ஊருக்கும் பங்குண்டு என்று தெரிந்த பிள்ளை, அந்தத் தேசத்தை வெறும் பாடமாகப் படிக்காது.