மீட்டரை எடுக்காத மெக்கானிக்

போன ஜனவரியில் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது நடந்தது. கோபம் ஆறட்டும் என்று இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். ஆறவில்லை.

நான் கப்பலில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்தபோது எனக்குச் சீஃபாக இருந்த ஆங்கிலேயர், லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் இடையே ஓடும் கிராண்ட் யூனியன் கால்வாயில், ஏழடிகூட அகலமில்லாத ஒரு இரும்புப் படகில் தனியாகக் குடியிருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். கண் மங்கிவிட்டது, இன்ஜின் அறைக்குள் குனிய முடியாது. இல்லாவிட்டால் அவர் மெக்கானிக்கைக் கூப்பிடுகிற ஆளே அல்ல.

நான் போனபோது ஓவர்கோட்டோடு உட்கார்ந்திருந்தார். டீசல் ஹீட்டர் பத்து நாளாக எரியவில்லை. மூடிய கேபினுக்குள் கேஸ் அடுப்பின் இரண்டு பர்னரையும் குளிருக்காக ஏற்றி வைத்திருந்தார். கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்துகிறதென்று அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டார்! எனக்கு பாய்லர் பாதுகாப்பு கற்றுக்கொடுத்த மனிதர். குளிர் அப்படிச் செய்ய வைக்கிறது. முதலில் அடுப்பை அணைத்து, கதவைத் திறந்தேன்.

மெக்கானிக் மூன்று முறை வந்திருக்கிறார். முதல் முறை குளோ ப்ளக்கை மாற்றினார். அடுத்த முறை கன்ட்ரோல் போர்டை. மூன்றாம் முறை, "மொத்த ஹீட்டரையும் மாற்றிவிடுங்கள்" என்று விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று முறையும் ஹீட்டர் காட்டிய பிழைக்குறி ஒன்றுதான்: மின்னழுத்தம் குறைவு. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறதே, ஆகவே ஹீட்டர்தான் பொய் சொல்கிறது என்பது அவர் கட்சி.

அந்த 12.6 ஹீட்டர் ஓடாமல் சும்மா இருக்கும்போது, பேட்டரி முனையில் எடுத்த கணக்கு. ஸ்டார்ட் ஆகும்போது குளோ ப்ளக் மட்டுமே 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த நேரத்தில், ஹீட்டரின் முனையில் எவ்வளவு வருகிறது? அதைத்தான் அளக்க வேண்டும். நான் மீட்டரை அங்கே வைத்துக்கொண்டு சீஃபை பட்டனை அழுத்தச் சொன்னேன். ஃபேன் சுற்றியது, ப்ளக் சூடேற ஆரம்பித்தது, முள் 10.3-க்கு இறங்கியது. அந்த அளவுக்கு இறங்கினால் நின்றுவிடும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். பேட்டரியில் அப்போதும் 12.3 இருந்தது. நடுவில் 2 வோல்ட்டைக் காணோம்.

ஃப்யூஸ் ஹோல்டரில் இருந்தது. ஈரத்தில் பச்சை பூத்து, பிளாஸ்டிக் பழுப்பாகக் கருகியிருந்தது. 2 வோல்ட், 10 ஆம்பியர்: 20 வாட் சூடு அந்தச் சின்ன டப்பாவில் இறங்கியிருக்கிறது. மின்தடை வெறும் 0.2 ஓம். சாதாரண கன்டினியூயிட்டி சோதனையில் 'பீப்' என்று நல்ல பிள்ளையாகக் கத்தும். லோடு கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

புது ஹோல்டர், இரண்டு லக். நான்கே நிமிடத்தில் பம்ப் டிக் டிக் என்று அடித்து, ஹீட்டர் எரிந்தது.

எல்லாக் கோளாறும் மின்னழுத்தம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. டேங்கில் டீசல் ஹீட்டரின் உறிஞ்சு குழாய்க்குக் கீழே இறங்கியிருக்கலாம், பைப்பில் காற்று புகுந்திருக்கலாம், எப்போதும் சிறு தீயிலேயே ஓட்டி பர்னரில் கரி அடைத்திருக்கலாம். எதுவானாலும் பார்த்துக் கண்டுபிடிக்க வழி உண்டு. பார்க்காமல் பாகம் மாற்றுவதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல, வியாபாரம். "தேடும் நேரத்துக்குக் கூலி போட்டால் பாகத்தின் விலையைவிட அதிகமாகிவிடும் சார்" என்பார்கள். நம்மூர் ஏசி மெக்கானிக்கும் இதையேதான் சொல்கிறார். எனக்குத் தேடவும் சரிசெய்யவுமாக ஆனது நாற்பது நிமிடம். மூன்று முறை வந்துபோனதற்குக் கூலி வாங்கியவருக்கு அந்த நாற்பது நிமிடம் கிடைக்கவில்லையாம்.

மறுநாள் ஒரு வேலை செய்தோம். மெக்கானிக் கழற்றிப் போட்ட பழைய போர்டையும் பழைய ப்ளக்கையும் திரும்பப் பொருத்திப் பார்த்தோம். ஜம்மென்று எரிந்தது. அதை எழுதி, பில்லின் நகலோடு பணத்தைத் திருப்பிக் கேட்டு சீஃப் கடிதம் போட்டார்.

பதில் வந்துவிட்டது. ஹீட்டரை வெளியாள் திறந்துவிட்டதால் தங்களுக்குப் பொறுப்பில்லையாம். அந்த வெளியாள் நான்தான்.