கொலையாளி என்று சொல்ல என்ன ஆதாரம்?

2012 மார்ச் 29 அதிகாலை திருச்சி தில்லைநகரிலிருந்து நடைப்பயிற்சிக்குப் போன தொழிலதிபர் கே.என்.ராமஜெயம், திருவளர்ச்சோலை அருகே கல்லணை சாலைப் பக்கம் பிணமாகக் கிடந்தார். உள்ளூர் போலீஸ், சிபிசிஐடி, சிபிஐ, 2022இல் சிறப்புப் புலனாய்வுக் குழு என்று வழக்கு கைமாறிக்கொண்டே வந்தது. 2023 ஜனவரியில் சந்தேகத்துக்குரிய 12 பேருக்கு உண்மை கண்டறியும் சோதனை நடந்தது. அவர்களைக் கொலையாளிகள் என்று சொன்னால் என்ன தவறு என்று வாதாடுகிறார் ஒருவர். சந்தேகத்துக்குரியவர், குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி என்று பிரித்துப் பேசுவதெல்லாம் வக்கீல்களின் வேலையாம். ஜனங்களுக்கு விஷயம் புரிந்தால் போதுமாம்.

எந்த விஷயம் புரிந்தது ஐயா? சோதனை நடந்த நாளில் அந்த 12 பேரில் ஒருவர் மீதும் இந்தக் கொலைக்காகக் குற்றப்பத்திரிகை இல்லை. நீதிமன்றம் விசாரிக்கவே தொடங்காத வழக்கில் நீங்கள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டீர்கள்.

உண்மை கண்டறியும் சோதனை என்ற பெயரே உங்களை ஏமாற்றியிருக்கிறது. அந்தக் கருவி மூச்சையும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தோலில் ஊறும் வியர்வையையும் அளக்கிறது. உண்மையை அளக்கும் கருவி எதுவும் அங்கே இல்லை. போலீசைக் கண்டாலே படபடக்கிறவர்கள் எத்தனை பேர்! செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே மாதமே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சம்மதமில்லாமல் இந்தச் சோதனை கூடாது, சம்மதித்தாலும் அதன் முடிவை மட்டும் சாட்சியமாக ஏற்க முடியாது. நீதிபதி ஏற்காததை நீங்கள் டீக்கடையில் ஏற்றுக்கொண்டு, ஊரையும் ஏற்கச் சொல்கிறீர்கள்.

அவர்கள் ரவுடிகள்தானே என்பது உங்கள் அடுத்த வாதம். இருக்கட்டும். பழைய வழக்குகள் இருப்பதாலேயே இந்தக் கொலையைச் செய்தார் என்று ஆகிவிடாது. ஒருவரின் முந்தைய கெட்ட நடத்தையைக் குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்று இந்திய சாட்சியச் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொன்னது. எழுதியவர்கள் ரவுடிகளிடம் இரக்கப்பட்டு அதை எழுதவில்லை. ஊரில் பேர் கெட்டவனைப் பிடித்துக் கணக்கை முடித்துவிடும் சோம்பேறித்தனத்தைத் தடுக்கவே எழுதினார்கள்.

உங்கள் வாதத்திலேயே மிகக் கேவலமானது, நிதானமாகப் பேசுகிறவர்கள் செத்தவருக்குத் துரோகம் செய்கிறார்கள் என்பதுதான். துரோகம் செய்வது நீங்கள். ஆள் அகப்பட்டுவிட்டான் என்று ஊர் நம்பிய மறுநாளே யாரும் போலீசைக் கேள்வி கேட்பதில்லை. இத்தனை ஆண்டுகளாகப் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு, பதில் கிடைத்துவிட்டது என்று பொய் சொல்கிறீர்கள். கொன்றவன் வேறு யாரோவாக இருந்தால், ஸ்ரீரங்கத்திலோ சென்னையிலோ உங்கள் பேச்சைக் கேட்டு இன்று அவன் நிம்மதியாகத் தூங்குவான்.

அந்த 12 பேரில் யார், எப்போது, எப்படிக் கொன்றார், எந்தச் சாட்சியம் அதைக் காட்டுகிறது? தெரிந்தால் புலனாய்வுக் குழுவிடம் போய் வாக்குமூலம் கொடுங்கள். தெரியாதென்றால் அந்தச் சொல்லை இன்றே, பொதுவில், திரும்பப் பெறுங்கள்.