உம்மாவின் கண்ணுக்கு எட்டும் எழுத்து

கைத்தொலைபேசிச் செயலி எழுதப் பழகும் சகோதரிகளே!

மருந்து வேளையை நினைவூட்டும் செயலியொன்றை மகள் உம்மாவுக்கு ஆக்கிக் கொடுக்கிறாள். உம்மாவோ தொலைபேசி அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். ஆனாலும், 'காலை 1, இரவு 2' என்ற வரி சிறிதாகவே நிற்கிறது. ஏன்?

அண்ட்ரொய்டில் எழுத்தின் அளவை 'டிபி' அலகில் கொடுத்தால் அது அந்த அமைப்புக்கு அசையாது. 'எஸ்பி' அலகில் கொடுங்கள், கூடவே வளரும். 2023இல் வந்த அண்ட்ரொய்ட் 14 முதல் 200 சதவீதம் வரை பெரிதாக்க இடமுண்டு.

எழுத்துப் பெட்டியின் உயரத்தையும் இறுக்கிக் கட்டாதீர்கள். பெரிதான வரி பாதியில் வெட்டுப்படும். 'ரெப் கொன்டென்ட்' என விட்டால் பெட்டி தானே விரியும்.

இலக்கம் தெரியாவிட்டால் மருந்து தவறிப்போகும். ஆகவே, எழுத்தை உச்ச அளவுக்குக் கூட்டிப் பார்த்த பின்பே உம்மாவின் கையில் கொடுங்கள்.