புதுமீனும் சொட்டுக் குழாயும்

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் நண்பர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. வாங்கி வந்த மீனை வாளியில் விட்டு, தொட்டி நீரை மெல்லிய குழாய்வழி இரண்டு மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறக்கினால்தான் அது பிழைக்குமாம். நேரம் கூடக் கூட நன்மையும் கூடுமாம்! பொறுமை நல்லதுதான். அதனைத் தவறான இடத்தில் செலவிடுகிறோம் என்பதே என் கருத்து.

பைக்குள் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மீன் மூச்சுவிடுகிறது, கரியமிலவாயு நீரில் கரைகிறது, நீரின் பிஎச் அளவு இறங்குகிறது. கழிவாகிய அமோனியாவும் அதே நீரில்தான் சேர்கிறது. ஆயினும், பிஎச் தாழ்ந்திருக்கும்வரை அதன் மிகப் பெரும்பகுதி அமோனியம் என்னும் தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறுகிறது. தொட்டி நீரின் பிஎச் 8.2க்கு அருகில் இருப்பதால், சொட்டும் நீரும் சேர்ந்து ஏற்றத்தை விரைவுபடுத்துகிறது. பிஎச் ஒன்று கூடினால் நச்சு அமோனியாவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகும். காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு செவுள்களைப் புண்ணாக்குகிறோம். பக்கத்துக் கடையிலிருந்து அரைமணியில் வந்த மீனுக்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. ஒரு நாளுக்குமேல் பையிலேயே கிடந்து வானூர்தியில் வந்த மீனின் நிலை வேறு.

வெப்பநிலைக்கு, மூடிய பையை 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டாலே போதும். குளிர்நாட்டு நூல்கள் ஹீட்டரைப் பற்றிப் பேசும்; நமக்கோ சில்லர்தான் கவலை. நண்பகல் வெயிலில் காருக்குள் பையை விட்டுவிட்டுச் சாப்பிடச் செல்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையான சிக்கல் உப்பளவுதான். ஒட்டுண்ணிகளை அடக்கவும் உப்புச் செலவைக் குறைக்கவும் சில கடைகளில் நீரின் ஒப்படர்த்தியை 1.020 அளவில் வைத்திருப்பர். பவளம் வளரும் வீட்டுத் தொட்டியிலோ 1.025. கடல்மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறுகிறது. அதனை ஈடுகட்டக் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள்வழி அகற்றுகிறது. உப்பளவு திடீரென உயர்ந்தால் அந்தச் சமநிலை குலையும். இந்த இடைவெளியைக் கடக்கச் சில மணி நேரம் போதாது, சில நாள்கள் வேண்டும்.

ஆகவேதான் தனிமைத் தொட்டி வேண்டும் என்கிறேன். அதன் நீரைக் கடையின் உப்பளவுக்கே கலந்து வைத்துவிட்டால், மீனைக் காலந்தாழ்த்தாமல் மாற்றிவிடலாம். பிறகு நாள்தோறும் சிறிது சிறிதாக உப்பளவை உயர்த்துவதே முறை. மண் வேண்டா, ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டும், பழைய தொட்டியில் பழகிய ஸ்பான்ஞ் வடிகட்டியும் போதும். நான்கு வாரமாவது அங்கே இருக்கட்டும். வாங்கும்போது பளிச்சென்றிருக்கும் மீனின் செவுளுக்குள் வெண்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகாரியான் ஒளிந்திருக்கக்கூடும். அது பெரிய தொட்டிக்குள் நுழைந்தால் பாறையிலும் மணலிலும் கூடுகட்டி, பழைய மீன்களையும் சேர்த்தே அழிக்கும். தனிமைப்படுத்தல் எதற்கென்று 2020க்குப் பிறகு நமக்கு விளக்க வேண்டுமா, என்ன?

"இன்னொரு தொட்டிக்கு இடமேது, பணமேது?" என்பார்கள். இடமில்லையென்றால் கடல்மீன் வாங்க வேண்டா என்பேன். கடுமையாகத் தோன்றலாம். ஆனால், கடைக்கு வரும் கடல்மீன் இனங்களுள் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவை. கோமாளி மீனைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். திரைப்படத்தில் 'டோரி'யாக வந்த நீல மீனை முட்டையிலிருந்து வளர்த்தெடுத்ததாக ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் அறிவித்ததே 2016இல்தான். வகுப்பறை மூலையை அழகுபடுத்த நினைக்கும் ஆசிரிய நண்பர்களே, மாணவர்களுக்குக் கப்பி மீனே போதும்.

வாங்குவதென முடிவுசெய்தால், கடைக்காரரிடம் உப்பளவைக் கேளுங்கள். மீன் உண்பதைக் கண்ணால் பாருங்கள். முதல் நாள் விளக்கை அணைத்து வையுங்கள். பையிலிருந்த நீரில் ஒரு சொட்டைக்கூடத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.