நிலா விழுந்துக்கிட்டேதான் இருக்கு மச்சி!

பிசிக்ஸ் பிராக்டிகல் வைவா. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் என் ரெக்கார்டு நோட்டைத் திறக்கவே இல்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, ‘‘தேங்கா விழுது. நிலா ஏன் விழல?’’ என்றார். ‘‘அவ்வளவு தூரத்துக்குப் பூமியோட ஈர்ப்பு எட்டாது சார்’’ என்றேன், ரொம்ப கெத்தாக. அவர் சிரித்துக்கொண்டே போட்ட மார்க்கை இங்கே எழுதினால், என் அம்மாவும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார் என்பதால் வம்பு.

சரியான பதில் என்ன தெரியுமா? நிலா விழுந்துகொண்டேதான் இருக்கிறது. நீங்க இதைப் படிக்கிற இந்த விநாடியிலும்!

கணக்குப் பார்த்துடலாம். பயப்படாதீங்க, வகுத்தல் தெரிஞ்சா போதும். ஹாஸ்டல் மொட்டை மாடியிலிருந்து ஒரு கல்லை நழுவவிட்டால் முதல் விநாடியில் 4.9 மீட்டர் விழும். பூமியின் மையத்திலிருந்து அந்தக் கல் ஒரு ஆரம் தூரத்தில் இருக்கிறது. நிலா சுமார் 60 ஆரம் தூரத்தில். தூரம் 60 மடங்கானால் இழுப்பு 60 மடங்கு இல்லை, 60-ன் வர்க்கம், அதாவது 3,600 மடங்கு குறையும். 4.9 மீட்டரை 3,600-ஆல் வகுத்தால் சுமார் 1.4 மில்லிமீட்டர். நிலா ஒரு விநாடியில் பூமியை நோக்கி விழுவது அவ்வளவுதான். அதே விநாடியில் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. நேர்கோட்டில் போனால் எவ்வளவு விலகிப் போயிருக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவே உள்பக்கம் விழுவதால் விலகவும் முடியவில்லை, வந்து மோதவும் முடியவில்லை. சுற்றுகிறது. சூரியனைச் சுற்றும் கோள்களின் பிழைப்பும் இதேதான்.

இதெல்லாம் நியூட்டன் சொன்னது என்று எட்டாம் கிளாஸ் பையனுக்கும் தெரியும். ஆனால் அந்த மனுஷனைப் பிடித்து உட்காரவைத்து எழுதவைத்தவர் ஒரு 27 வயசு இளைஞர். எட்மண்ட் ஹாலி. 2061-ல் திரும்ப வரப்போகிறதே ஒரு வால்நட்சத்திரம், அதற்குப் பேர் கொடுத்த அதே ஹாலி. டிகிரி முடிக்காமல் ஆக்ஸ்ஃபோர்டை விட்டுக் கிளம்பி, செயின்ட் ஹெலினா தீவுக்குப் போய் தென் வானத்தின் 341 நட்சத்திரங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்தவர். (வீட்டில் இதை உதாரணம் காட்டி அரியரை நியாயப்படுத்த வேண்டாம். நான் காட்டிப் பார்த்துவிட்டேன்.)

1684 ஜனவரி, லண்டன். ஹாலி, ராபர்ட் ஹூக், கிறிஸ்டோபர் ரென் மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கெப்ளர் 1609-லேயே சொல்லியாச்சு. ஏன் நீள்வட்டம்? சூரியனின் இழுப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று மூணு பேருக்குமே ஊகம். அதிலிருந்து நீள்வட்டம் வருமா என்று காட்டத்தான் ஆளில்லை. ‘எங்கிட்ட ப்ரூஃப் இருக்கு, இப்போ காட்டமாட்டேன், மத்தவங்க முயற்சி பண்ணித் தோத்தாதான் அதோட அருமை தெரியும்’ என்கிற ரீதியில் பேசினார் ஹூக். எல்லா கிளாஸிலும் இப்படி ஒருத்தர் இருப்பார் இல்லையா? ரென் உடனே, ரெண்டு மாசத்துக்குள் கொண்டு வருபவருக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள புத்தகம் பரிசு என்றார். ரெண்டு மாசமும் போச்சு. யாரும் கொண்டு வரவில்லை.

அந்த வசந்தத்தில் ஹாலியின் அப்பா காணாமல்போய், பிணமாகத்தான் கிடைத்தார். துக்கம், சொத்து விவகாரம் என்று அலைந்தவர், ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ் போய் நியூட்டனிடம் கேட்டார்: ‘இழுப்பு அப்படிக் குறைஞ்சா, கோளோட பாதை என்னவா இருக்கும்?’

‘நீள்வட்டம்.’

‘எப்படிச் சொல்றீங்க?’

‘கணக்குப் போட்டுப் பார்த்திருக்கேன்.’

காட்டுங்க என்றால், பேப்பரைக் காணோம்! நிஜமாகவே தொலைத்தாரா, இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுத் தரலாம் என்று சமாளித்தாரா என்று வரலாற்று ஆசிரியர்களுக்கே சந்தேகம் உண்டு. மறுபடி போட்டபோது முதலில் விடை இடித்ததாம். அவசரத்தில் வரைந்த படத்தில் நீள்வட்டத்தின் அச்சுகளையும் வேறு விட்டங்களையும் குழப்பிவிட்டாராம். நியூட்டனுக்கே டயக்ராம் தப்பு!

நவம்பரில் ஒன்பது பக்கம் வந்து சேர்ந்தது. அதில் ஒரு வேடிக்கை. ஹாலி கேட்டதன் தலைகீழைத்தான் நியூட்டன் நிரூபித்திருந்தார்: பாதை நீள்வட்டமாக இருந்தால், குவியத்தை நோக்கிய இழுப்பு வர்க்க எதிர்விகிதத்தில் இருக்கும். கேட்ட பக்கத்துக்கான காரணத்தை 1713-ல் வந்த ரெண்டாம் பதிப்பில்தான் சில வரிகளில் சேர்த்தார். ஆனால் ஹாலிக்கு விஷயத்தின் கனம் புரிந்துவிட்டது. விடாமல் துரத்தினார். ஒன்பது பக்கம் வளர்ந்து மூணு பாகப் புத்தகமானது. ‘பிரின்சிபியா’.

நடுவில் ஹூக் வந்தார். வர்க்க எதிர்விகித ஐடியா என்னுடையது என்றார். சும்மா சொல்லக் கூடாது, அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. நேராக ஓடும் கோளை மையம் நோக்கி ஒரு இழுப்பு வளைக்கிறது என்று 1679-லேயே நியூட்டனுக்கு எழுதியவர் அவர். ப்ரூஃப்தான் கடைசிவரை வரவில்லை. நியூட்டனுக்கு வந்ததே கோபம்! நிலா, கோள்கள், வால்நட்சத்திரங்கள் எல்லாம் இருக்கிற மூணாவது பாகத்தையே வெளியிடமாட்டேன் என்று அடம். பிறகு ரென், ஹாலி பேர்களோடு ஒரு ஓரமாக ஹூக் பேரையும் போட்டார், வேறு சில இடங்களில் இருந்ததை அடித்தார். இன்னும் ரெண்டு வரி தாராளமாக எழுதியிருந்தால் நியூட்டன் ஒன்றும் குறைந்துபோயிருக்கமாட்டார் என்பது என் கட்சி. ஹாலி கடிதம் மேல் கடிதமாக எழுதிக் கெஞ்சிக் கூத்தாடித்தான் மூணாவது பாகம் பிழைத்தது.

அடுத்து காசு. வெளியிட வேண்டிய ராயல் சொசைட்டி, முந்தைய வருஷம்தான் படங்களோடு ‘மீன்களின் வரலாறு’ என்றொரு புத்தகத்தைப் பிரமாதமாக அச்சிட்டு, அது விற்காமல் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. கஜானாவில் காற்று. ஹாலியே சொந்தக் காசைப் போட்டார், ப்ரூஃப் திருத்தினார். 1687 ஜூலையில் புத்தகம் வந்தது.

ஹாலி அப்போது அதே சொசைட்டியில் கிளார்க். அவருக்குத் தர வேண்டிய 50 பவுண்டு சம்பளத்துக்குப் பதிலாக சொசைட்டி எடுத்து நீட்டியது என்ன தெரியுமா? மீன் புத்தகம், 50 பிரதி.