கொடுத்தவர் எல்லாம் காட்டிக்கொடுத்தவரா?

மொழிபெயர்ப்பு பற்றிய கருத்தரங்குகளில் தவறாமல் மேற்கோளாகும் ஓர் இத்தாலியப் பழமொழி உண்டு: ‘த்ராதுத்தோரே, த்ராதித்தோரே’. ‘மொழிபெயர்ப்பாளன் துரோகி’ என்று பொருள் கூறி, ஆய்வேட்டின் முகப்பிலும் அதைப் பொறித்துவிடுகிறோம். தமிழில் பெயர்த்தவுடன் அதன் எதுகை மறைந்துவிடுவதைக் கவனியுங்கள். அதன் வலிமை ஒலியில்தான் இருக்கிறது, வாதத்தில் இல்லை.

இரு வினைகளுக்கும் முன்னொட்டு ஒன்றே, வேர்கள் வேறு. மொழிபெயர்த்தலைக் குறிக்கும் ‘த்ராதுர்ரே’, ‘அப்பால் இட்டுச்செல்’ என்னும் இலத்தீன் ‘த்ராதூக்கெரே’யின் வழிவந்தது. துரோகத்தைக் குறிக்கும் ‘த்ராதீரே’, ‘ஒப்படை’ என்னும் ‘த்ராதெரே’யிலிருந்து வந்தது, அதனுள் இருப்பது ‘தரே’, அதாவது கொடுத்தல். (நம் ‘தரு’வைப் போல ஒலிக்கிறதே என்று உறவு கொண்டாட வேண்டாம். ஒலியொப்புமை உறவாகாது, பழமொழியின் பிழையும் அதுவே.)

ஒப்படைத்தல் துரோகமானது எவ்வாறு? மரபைக் குறிக்கும் ‘த்ராதிட்சியோனே’யும் இதே வேரில் கிளைத்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் இலத்தீன் வடிவத்தில், பவுல் போதனையை ஒப்படைத்ததற்கும் இயேசு காட்டிக்கொடுக்கப்பட்டதற்கும் ஒரே வசனத்தில் (11:23) ஒரே வினைதான் வருகிறது. கி.பி. 303இல் தொடங்கிய தியோக்கிளீசியனின் அடக்குமுறையில், மறைநூல்களை எரிப்பதற்காக அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்கள் ‘த்ராதித்தோரெஸ்’ என்று இகழப்பட்டனர்.

தமிழின் ‘காட்டிக்கொடு’வும் ‘கொடு’வையே தாங்கி நிற்கிறது. ஆக, இரு மொழிகளிலும் குற்றம் கொடுத்தலில் இல்லை. யாரிடம், எதற்காகக் கொடுத்தோம் என்பதில் இருக்கிறது.

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் தந்தார், காமத்துப்பாலை விட்டுவிட்டார். அது குறை, குறை என்றே விமர்சிக்கலாம். ஆனால், குறளை அறியாத வாசகரிடம் சேர்த்ததைத் துரோகம் என்பது எந்த அளவுகோலால்?

இது ஏட்டுச் சிக்கல் மட்டுமன்று. கிங்ஸ் சர்க்கிளிலும் தாராவியிலும் செம்பூரிலும் பாட்டியின் தமிழ்க்கதை பேரப்பிள்ளையின் வாயில் இந்தியாகவோ மராத்தியாகவோ வெளிப்படுவதுண்டு. மூத்தோர் வருந்துவதில் நியாயம் உண்டு; பாட்டியின் சொல்லாட்சி உண்மையிலேயே இழக்கப்படுகிறது. எனினும் அக்கதை பகைவரிடம் போகவில்லை, பக்கத்து வீட்டுத் தோழனிடம் போகிறது. அப்பிள்ளைக்குத் தமிழைக் கற்பிப்பது நம் கடமை. அதற்குத் துரோகிப் பட்டம் சூட்டினால், கதையும் அங்கேயே நின்றுவிடும்.

ஆய்வேட்டின் முகப்பில் அந்தப் பழமொழிக்குப் பதிலாக மூன்று வினாக்களை எழுதுவோம்: எது கொடுக்கப்பட்டது? எது விடுபட்டது? பெற்றவர் யார்?